பீடிங் பட்டைக்குள் இருந்த உண்ணி: கோழி வீட்டைப் பிரித்துக் கட்டிய பதிவு

இருட்டத் தொடங்கினால் கோழி தானாக வீட்டுக்குள் போய்விடும். யாரும் விரட்ட வேண்டியதில்லை. என் ஆறு கோழிகளும் எட்டு மாதம் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தன. ஒரு சாயங்காலம் ஆறும் சாய்வுப் பலகைக்கு முன்னால் வந்து நின்றன. உள்ளே எட்டிப் பார்த்தன, திரும்பி வந்துவிட்டன. ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். மறுநாளும் அதே. மூன்றாம் நாள் நான் வீடு திரும்ப நேரமாகிவிட்டது. வந்து பார்த்தபோது ஆறும் வெளிக்கூண்டின் மூலையில், தரையில், ஒன்றை ஒன்று ஒட்டிப் படுத்திருந்தன. வலைக்குள்தானே இருக்கின்றன, ஒரு ராத்திரிதானே என்று விட்டுவிட்டேன்.

காலையில் ஐந்துதான் இருந்தன.

வலையின் கீழ்மூலை பிய்ந்து உள்பக்கமாக மடங்கிக் கிடந்தது. அந்த இடத்தில் கொஞ்சம் பழுப்பு இறகு. வந்த மிருகம் எதுவென்று தெரியவில்லை. அது எதுவாக இருந்தாலும், அந்த மூலையை அப்படி விட்டுவைத்தது நான்தான். பழுப்புக் கோழிதான் முதலில் என் கையில் வந்து தீனி கொத்தப் பழகியது. இன்றும் தீனிப் பாத்திரத்தை எடுத்தால் அதன் நினைவு வருகிறது.

அன்றிலிருந்து ஐந்து வாரம் நான் செய்த வேலையின் பதிவு இது. வீட்டை அழகாகக் கட்டியது தவறு என்று நான் நினைக்கவில்லை. அழகுக்காக வைத்த ஒவ்வொன்றையும் எந்த இடத்தில் வைத்தேன் என்பதில்தான் தவறு இருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரு கோழியின் உயிர் போக வேண்டியிருந்தது. இதைப் படித்துவிட்டுக் கட்டுகிறவர்களுக்கு அது நேரக் கூடாது.

முதலில் கட்டிய வீடு

ஒரு படத்தைப் பார்த்து மகளும் நானும் ஆசைப்பட்டுக் கட்டியது. கூம்புக் கூரை, கூரையின் ஓரம் முழுக்கப் பல்வரிசை போல வெட்டிய பலகை, இரண்டு சின்ன ஜன்னல்கள், அவற்றுக்குப் பச்சை வண்ணக் கதவுகள், கீழே பூச்செடி வைக்க ஒரு பெட்டி, முகப்பின் உச்சியில் இதய வடிவில் இரண்டு துளைகள். சுவர் ப்ளைவுட். அது வெறும் பலகையாகத் தெரியக் கூடாதென்று உள்ளேயும் வெளியேயும் பீடிங் பட்டை எனும் மெல்லிய அலங்கார மரப்பட்டைகளை அடித்துக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தேன். கூரைக்கு ப்ளைவுட் போட்டு அதன் மேல் தார்த்தாள் ஒட்டியிருந்தேன்.

தரை 4 அடிக்கு 3 அடி. ஆறிலிருந்து எட்டுக் கோழிக்குப் போதும் என்று படத்தோடு இருந்த குறிப்பு சொன்னது. நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. நடுத்தர உடம்புள்ள கோழிக்கு உள்ளே 4 சதுர அடி, வெளிக்கூண்டில் 8 முதல் 10 சதுர அடி என்பது வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் அளவு. என்னுடையது மொத்தமே 12 சதுர அடி. மூன்று கோழிக்கான வீடு அது. அதற்குள்ளேயே முட்டைப்பெட்டியையும் வைத்திருந்தேன்.

கோழிக்கு அழகான வீடு கட்டும் ஆசை புதிதல்ல. 1840களில் இங்கிலாந்தில் விண்ட்சரில் விக்டோரியா அரசிக்கு அலங்காரமான ஒரு கோழி வீடு கட்டினார்கள். அந்தக் காலத்தில் அயல்நாட்டுக் கோழி இனங்கள் மீது பெரிய மோகமே இருந்தது. தோட்டத்தில் தினமும் கண்ணில் படுகிற ஒன்று பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்புதான். எனக்கு அந்த ஆசை இப்போதும் குறையவில்லை.

வெள்ளைக் காகிதத்தில் சிவப்புக் கோடு

கோழி ஏன் உள்ளே போக மறுத்தது? அதைத் தெரிந்துகொள்ளாமல் வலையை மட்டும் சரிசெய்து பயனில்லை. பகலில் வீட்டுக்குள் தலையை நுழைத்துத் தேடினேன். பாம்பு இல்லை, எலி இல்லை. கோழிகளைத் தூக்கி இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் இறகை விலக்கிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இரண்டு கோழிகளுக்குக் கொண்டை வெளுத்திருந்தது. முட்டையும் குறைந்திருந்தது. வெயிலால் இருக்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அன்று இரவு ஐந்தையும் துணி விரித்த ஒரு பெரிய மரப்பெட்டியில் போட்டு வீட்டுக்குள் வைத்தேன். பிறகு டார்ச்சோடு கோழி வீட்டுக்குப் போய், உட்காரும் கம்பின் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைக் காகிதத்தால் அழுத்தித் துடைத்தேன். காகிதத்தில் சிவப்புக் கோடுகள் விழுந்தன. ரத்தம்தான். சிவப்பு உண்ணி.

இந்த உண்ணி 1 மில்லிமீட்டர்கூட இருக்காது. பகலில் கோழியின் மேல் தங்குவதில்லை. மரத்தின் விரிசலிலும் பட்டைகளுக்குப் பின்னாலும் ஒளிந்திருந்து, இரவில் கோழி உட்கார்ந்த பிறகு ஊர்ந்து வந்து ரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. பகலில் கோழியைத் தூக்கிப் பார்த்தபோது எதுவும் தென்படாததற்குக் காரணம் இதுதான். வெதுவெதுப்பான காலத்தில் ஒரு வாரம், பத்து நாளிலேயே முட்டையிலிருந்து முழு உண்ணியாகிவிடும். கோழி இல்லாத வீட்டில்கூட மாதக்கணக்கில் பட்டினி கிடந்து உயிரோடிருக்கும். வீட்டைச் சும்மா பூட்டிப் போட்டுவைத்தால் செத்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

ஸ்க்ரூடிரைவரை நுழைத்து ஒரு பீடிங் பட்டையை நெம்பினேன். பட்டைக்குப் பின்னால் சாம்பலும் மிளகுத்தூளும் கலந்தது போல ஒரு படிவு. அது அசைந்தது. அடுத்த பட்டையிலும் அப்படித்தான். தார்த்தாளின் ஓரத்தைக் கிழித்தால் அதற்கடியிலும். நான் அழகுக்காக அடித்த பட்டைகள் ஒவ்வொன்றும் அவற்றுக்கு ஒரு வீடு. உட்காரும் கம்பின் இரண்டு முனைகளும் அந்தப் பட்டைகளின் மேலேயே பொருத்தப்பட்டிருந்ததால் அவை இரண்டு அங்குலம் நடந்தாலே கோழியின் கால் கிடைத்துவிடும்.

எல்லாம் அப்போதுதான் ஒரே கோட்டில் வந்தது. பீடிங்கில் உண்ணி, உண்ணியால் கோழி உள்ளே போகவில்லை, போகாததால் வெளிக்கூண்டில் படுத்தது, வெளிக்கூண்டின் வலையோ ஸ்டேப்ளர் பின்னில் தொங்கிக்கொண்டிருந்தது.

பிரித்த வாரம்

பழைய வீட்டை அப்படியே மருந்தடித்துத் தேற்றலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். முட்டையை நாங்கள் சாப்பிடுகிறோம். பூச்சிமருந்து அடித்தால் எத்தனை நாள் முட்டையைத் தவிர்க்க வேண்டும், எது கோழிக்கு ஆகும் என்பதையெல்லாம் கால்நடை மருத்துவரிடம் கேட்காமல் செய்யக் கூடாது. கோழிகளை அவரிடம் காட்டி, அவர் சொன்னபடி சிகிச்சை கொடுத்தேன். வீட்டைப் பொறுத்தவரை, ஒளிய இடம் இருக்கும்வரை எந்த மருந்தும் முழுதாகப் போய்ச் சேராது என்று எனக்கே தெரிந்துவிட்டது. பிரித்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

முகப்பைக் கழற்றும்போது மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இதையும் தூக்கிப் போட்டுடுவியா? அப்புறம் அது வெறும் பெட்டிதானே?”

அவள் அப்படிக் கேட்காமல் இருந்திருந்தால் முகப்பும் விறகாகியிருக்கும். அதைத் தனியாக எடுத்துவைத்தேன். உள்பக்கப் பீடிங், தார்த்தாள், ப்ளைவுட் கூரை மூன்றையும் அன்றே எரித்தோம். முகப்பையும் நல்ல சட்டங்களையும் கொதிக்கும் வெந்நீரும் சோப்பும் ஊற்றித் தேய்த்து, வெயிலில் காயவைத்து, ஐந்து நாள் கழித்து மறுபடி அதையே செய்தேன், பிறகு இன்னொரு முறையும். முதல் முறை தப்பிய முட்டைகள் பொரித்து, அந்தக் குஞ்சுகள் மறுபடி முட்டையிடுவதற்குள் இரண்டாவது கழுவல் நடந்தாக வேண்டும். ஒரே முறை கழுவிவிட்டு முடிந்தது என்று நினைப்பவர்களுக்குத்தான் இரண்டு வாரத்தில் திரும்ப வருகிறது.

காற்று

புது வீட்டின் அளவைக் குறிக்க உட்கார்ந்தபோது முதலில் நான் போட்ட கணக்கு காற்றோட்டம். பழைய வீட்டில் காலையில் கதவைத் திறந்தால் ஜன்னல் அக்ரிலிக்கில் நீர்த்துளி கோத்திருக்கும், கண் கரிக்கும். கோழி வீடு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இருக்க வேண்டியதே இல்லை.

ஒரு கோழி நாளுக்கு 100 கிராமுக்கு மேல் எச்சம் போடுகிறது. அதில் பெரும்பங்கு தண்ணீர். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, மூச்சு வழியாக ஈரத்தையும் சூட்டையும் வெளியே விடுகிறது. இந்த ஈரமும் எச்சத்திலுள்ள யூரிக் அமிலமும் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் அதை அமோனியாவாக மாற்றிவிடும். நம் மூக்குக்குத் தெரிகிற அளவு வந்துவிட்டால், ராத்திரி முழுக்க அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் கோழிக்கு அது ஏற்கெனவே அதிகம். கண்ணும் மூச்சுக்குழாயும் பாதிக்கப்படும். சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. விடிந்ததும், கதவைத் திறந்த அந்த நொடியிலேயே, கோழி உட்காரும் உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். நின்றபடி முகர்ந்தால் தெரியாது.

கோழிக்கு 1 சதுர அடி வீதம் திறப்பு வேண்டும் என்பது பலரும் பின்பற்றும் அளவு. ஆறு கோழிக்கு 6 சதுர அடி, அதாவது 864 சதுர அங்குலம். பழைய வீட்டில் என்ன இருந்தது? இரண்டு ஜன்னலில் ஒன்றுதான் திறக்கும், 6க்கு 8 அங்குலம், அதாவது 48 சதுர அங்குலம். இதயத் துளைகள் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 14. மொத்தம் 62. தேவையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. படத்தில் அவ்வளவு அழகாகத் தெரிந்த ஜன்னல்கள் காற்றுக்கு எந்த வேலையும் செய்யவில்லை.

பனி கொட்டுகிற இடங்களில்கூடக் கோழி வீட்டின் முன்பக்கத்தைத் திறந்தே வைக்கலாம் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிரின்ஸ் டி. வுட்ஸ் என்ற மருத்துவர் வாதாடினார். முன்பக்கம் முழுக்க வலை, மற்ற மூன்று பக்கமும் அடைப்பு, கோழி உட்காருவது பின்சுவரை ஒட்டி. இறகுக்குள் கோழி தன் சூட்டைத் தானே வைத்துக்கொள்ளும். அதைக் கெடுப்பது ஈரமும் உடம்பில் நேராக வீசும் காற்றும்தான், குளிர்ச்சியான காற்றே அல்ல. நான் எடுத்துக்கொண்டது இந்த அமைப்பைத்தான்.

புது வீடு 6 அடி அகலம், 4 அடி ஆழம். 24 சதுர அடி, ஆறு கோழிக்குச் சரியாக வரும். ஒற்றைச் சரிவுக் கூரை, முன்னால் ஆறரை அடி, பின்னால் 5 அடி. முன்பக்கத்தின் மேல் 2 அடி முழுக்க வலை, அது மட்டும் 12 சதுர அடி. பின்சுவரின் உச்சியில் 6 அங்குல இடைவெளி, அதற்கும் வலை, 3 சதுர அடி. உட்கார்ந்திருக்கும் கோழியின் தலைக்கு மேலே அந்த இடைவெளி இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். கடுங்குளிர் உள்ள இடமானால் அதை ஒரு பலகையால் மூடிவிட்டு முன்பக்கத்தை மட்டும் விட்டுவைக்கலாம். கூரைக்கு நெளி தகடு, நேராகச் சட்டத்தின் மேல். இடையில் தாளும் இல்லை, பலகையும் இல்லை. உண்ணிக்கு ஒளிய இடமும் இல்லை. முன்னால் 1 அடி நீட்டிவிட்டேன். அண்ணன் வந்து தகடு தூக்கித் தராமல் இருந்திருந்தால் அந்த வேலை ஒரு நாளில் முடிந்திருக்காது.

உட்காரும் கம்பு

பழைய வீட்டில் கம்பு தரையிலிருந்து 8 அங்குலம். முட்டைப்பெட்டி 14 அங்குல உயரத்தில். காட்டுக்கோழி மரக்கிளையில் ஏறித் தூங்கும். வீட்டுக்கோழியிடமும் அந்தப் பழக்கம் அப்படியே இருக்கிறது. வீட்டுக்குள் எது உயரமோ அங்கேதான் ஏறும். அதனால் என் கோழிகள் முட்டைப்பெட்டியில் தூங்கின, அதிலேயே எச்சம் போட்டன, முட்டையெல்லாம் அழுக்கு. தினமும் முட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தேனே தவிர, கம்பின் உயரத்தை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது கம்பு இரண்டரை அடியில், பெட்டி ஒன்றரை அடியில். 2 அங்குலச் சதுரச் சட்டத்தை எடுத்து மேல் விளிம்புகளை இழைப்புளியால் உருட்டி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினேன். சிலாம்பு இருந்தால் பாதத்தில் குத்தி, கிருமி புகுந்து அடிப்பாதம் வீங்கிவிடும். கோழிக்கு 8 முதல் 10 அங்குலம் இடம் என்று கணக்கு. ஐந்தரை அடிக் கம்பில் ஆறு கோழிகூடத் தாராளமாக உட்காரலாம். பின்சுவரிலிருந்து 1 அடி தள்ளியிருக்கிறது, வால் இடிக்காது.

இந்த முறை கம்பைச் சுவரோடு பொருத்தவில்லை. இரண்டு தனிக் கால்களின் மேல், மேல்பக்கம் திறந்த பள்ளத்தில் வைத்திருக்கிறேன். தூக்கினால் கையோடு வந்துவிடும். கால்கள் சுவரைத் தொடாது. ஒவ்வொரு காலும் சமையல் எண்ணெய் ஊற்றிய ஒரு தகரக் கிண்ணத்தில் நிற்கிறது. உண்ணி எங்கிருந்து வந்தாலும் அந்த எண்ணெயைத் தாண்டித்தான் கோழியிடம் போக முடியும். கிண்ணத்தில் தூசி விழுந்து மூடிக்கொண்டால் பாலம் மாதிரி ஆகிவிடும், அதனால் வாரம் ஒருமுறை துடைத்து மாற்றுகிறேன். இந்த ஐந்து வார வேலையில் எதை மட்டும் செய்யலாம் என்று யாராவது கேட்டால், கம்பைச் சுவரிலிருந்து பிரிக்கச் சொல்வேன். பழைய வீட்டை வைத்துக்கொண்டே செய்யக்கூடியது, அரை நாளில் முடிந்துவிடும்.

கம்புக்கு 8 அங்குலம் கீழே எச்சப்பலகை ஒன்று. கோழி ராத்திரியில் போடும் எச்சம் முழுக்க அதில் விழுந்துவிடும். காலையில் சுவருக்குப் பட்டி பார்க்கும் அகலமான தகட்டால் வழித்து உரக்குழியில் போட்டால் 3 நிமிஷ வேலை. தரையில் 4 அங்குலத்துக்கு மரச்சீவல் கூளம். கதவடியில் கூளம் சிந்தாமல் இருக்க 8 அங்குலத் தடுப்புப் பலகை, அதுவும் உருவி எடுக்கக்கூடியது. முன்பெல்லாம் முட்டி போட்டு அந்தச் சின்னக் கதவு வழியாகக் கையை நீட்டி 50 நிமிஷம் சுரண்டுவேன். அதனால் தள்ளிப்போடுவேன். தள்ளிப்போட்டதால்தான் உண்ணியைப் பார்க்கவே இல்லை. இப்போது நிமிர்ந்து உள்ளே நடந்து போகிறேன். ஆள் நுழைகிற கதவு வீட்டின் அழகைக் கெடுக்கும் என்று முன்பு நினைத்தேன்.

முட்டைப்பெட்டிகள் இரண்டு, ஒவ்வொன்றும் 12 அங்குலம். ஒரு பக்கச்சுவரில் வெளியே துருத்திக்கொண்டிருக்கும்படி வைத்ததால் உள்ளே தரையில் இடம் போகவில்லை, மூடியைத் திறந்து வெளியிலிருந்தே முட்டை எடுக்கலாம். நான்கைந்து கோழிக்கு ஒரு பெட்டி போதும். இரண்டு வைத்தும் ஐந்தும் ஒரே பெட்டிக்குத்தான் வரிசையில் நிற்கின்றன.

உள்சுவர் முழுக்கச் சுண்ணாம்பு. ஒவ்வொரு இணைப்பையும் முதலில் பட்டி வைத்து அடைத்தேன், பிறகு தூரிகையை இடுக்குக்குள் குத்திக் குத்தி இரண்டு முறை அடித்தேன். சின்ன விரிசல்களைச் சுண்ணாம்பே மூடிவிடுகிறது. வெள்ளைச் சுவரில் உண்ணியின் புள்ளி சட்டென்று கண்ணில் படும் என்பது இன்னொரு வசதி. அடிக்கும்போது கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், நன்றாக உலர்ந்த பிறகே கோழியை விடுங்கள்.

வலையும் தாழ்ப்பாளும்

முன்பு போட்டிருந்தது அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழி வலை. அது கோழியை உள்ளே வைத்திருக்கும், வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. பல்லும் நகமும் உள்ள மிருகம் அதைக் கிழித்துவிடும், கண் பெரிதாக இருப்பதால் சின்ன மிருகம் கிழிக்காமலேயே நுழைந்துவிடும். அதன் மேல் குறுக்குச் சட்டங்களை வைத்து அழகாகப் பின்னியிருந்தேன், பார்ப்பவர்கள் எல்லாரும் அதைத்தான் பாராட்டுவார்கள். சட்டங்களின் நிழலில், பின் ஒவ்வொன்றாகத் துருப்பிடித்துக் கழன்றுகொண்டிருந்தது தெரியவில்லை.

இப்போது அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த கெட்டியான வலை. ஸ்டேப்ளர் பின் ஒன்றுகூட இல்லை. மெஷ்ஷைச் சட்டத்தில் வைத்து, 4 அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ, ஒவ்வொன்றுக்கும் அகலமான வாஷர். மேலே ரீப்பர் சட்டம் வைத்து மூடலாமா என்று யோசித்தேன், பிறகு வேண்டாம் என்று விட்டேன். வாஷர்கள் வெளியே தெரிந்தால் எது தளர்கிறது என்று தீனி வைக்கும்போதே பார்த்துவிடலாம். சுற்றிலும் வெளிப்பக்கத் தரையில் ஒன்றரை அடி அகலத்துக்கு மெஷ்ஷை விரித்து, ஆணிக் கம்பியால் மண்ணோடு அடித்திருக்கிறேன். தோண்டுகிற மிருகம் வேலியின் அடியிலிருந்துதான் தோண்டத் தொடங்கும். அங்கே காலுக்கடியில் கம்பி இருந்தால் பின்னால் நகர்ந்து தோண்ட அதற்குத் தோன்றுவதில்லை. புல் முளைத்து ஒரு மாதத்தில் மெஷ் மறைந்துவிட்டது.

கதவில் இருந்த பித்தளைக் கொக்கியை எடுத்துவிட்டேன். தள்ளுதாழ்ப்பாள் ஒன்று, அதன் துளையில் அழுத்தித் திறக்கும் ஒரு வளையக் கொக்கி. ஒற்றைக் கையால் திறக்க எனக்கே சிரமமாக இருக்கிறது, அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

முகப்பு

இனி மகள் கேட்ட கேள்வி. பழைய முகப்பு 4 அடி அகலம். புது வீட்டின் ஆழமும் 4 அடி. எங்கள் பின்கதவைப் பார்த்தபடி இருக்கும் பக்கச்சுவர் எப்படியும் காற்றில்லாத முழுச்சுவர்தான், அதில் எதை மாட்டினாலும் கோழிக்கு நஷ்டமில்லை. கம்பும் அந்தச் சுவரைத் தொடுவதில்லை. நான்கு கனமான கொக்கிகள் அடித்து முகப்பை அதில் படம் மாட்டுவது போல மாட்டினேன். பல்வரிசைப் பலகை, ஜன்னல், பச்சைக் கதவு, இதயத் துளை எல்லாம் இருக்கின்றன. ஜன்னலுக்குப் பின்னால் சுவர்தான். பூப்பெட்டி மட்டும் கோழி எட்டாத உயரத்துக்கு ஏறிவிட்டது, முன்பு இருந்த இடத்தில் எந்தச் செடியும் இரண்டு நாளுக்கு மேல் தாங்கவில்லை.

மாதம் ஒருமுறை முகப்பைத் தூக்கி இறக்கி, பின்பக்கத்தைக் காகிதத்தால் துடைத்துப் பார்க்கிறேன். இருவர் இருந்தால் 2 நிமிஷம். மகள் ஒரு பக்கம் பிடிக்கிறாள். இதுவரை காகிதம் வெள்ளையாகவே வருகிறது. ஆனால் கம்பின் பள்ளத்தில் மூன்றாம் வாரம் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி கிடைத்தது. கோழியோடே வந்திருக்கலாம், மரப்பெட்டியின் துணியில் ஒட்டிக்கொண்டும் வந்திருக்கலாம். அன்றே கம்பை எடுத்து வெந்நீர் ஊற்றி, பள்ளத்தில் டையாட்டம் மண் என்ற, பூச்சியை உலர்த்திக் கொல்லும் மென்தூளைத் தூவினேன். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது, நமக்கும் சரி, கோழிக்கும் சரி. முகத்தில் துணி கட்டிக்கொண்டு, கோழிகள் வெளியே இருக்கும்போது இடுக்கில் மட்டும் போட வேண்டும். பிறகு இதுவரை ஒன்றும் இல்லை. வாரம் ஒரு ராத்திரி காகிதத்தோடு போவதை நிறுத்தவில்லை.

மீதி இருப்பது

கொண்டைகள் மறுபடி சிவந்துவிட்டன. அதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. முட்டை சுத்தமாக வருகிறது. புது வீட்டுக்குள் போகப் பழக ஐந்து நாள் பிடித்தது. முதல் மூன்று இரவு நானே தூக்கிக் கம்பில் வைத்தேன். நான்காம் நாள் கறுப்புக் கோழி மட்டும் தானாக ஏறியது, ஐந்தாம் நாள் மற்றவை அதன் பின்னால் போயின.

சரியாகாத ஒன்று மழை. காற்று திசை மாறி அடிக்கும்போது 1 அடி நீட்டல் போதவில்லை, திறந்த முன்பக்கம் வழியாகச் சாரல் இரண்டடி உள்ளே வந்து கூளத்தை நனைத்துவிடுகிறது. பின்சுவரோரம் கோழி உட்காரும் இடம் நனையவில்லை. ஆனாலும் நனைந்த கூளத்தை விட்டுவைக்க முடியாது, அன்றே அள்ளி மாற்ற வேண்டியிருக்கிறது. முன்வலைக்கு மேலே கீல் வைத்து, கம்பு கொடுத்துச் சாய்வாகத் தூக்கி நிறுத்துகிற ஒரு தட்டி செய்ய அளவெடுத்து வைத்திருக்கிறேன். 6 அடி நீளம், 2 அடி அகலம். பழைய வீட்டின் பல்வரிசைப் பலகையில் ஒரு துண்டு மீதி இருக்கிறது. தட்டியின் கீழ்விளிம்பில் அதை வைக்கச் சொல்கிறாள் மகள். ஸ்க்ரூவில் மாட்டிக் கழற்றுகிற மாதிரி வைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.